திரையில் நிற்கும் நிழல்: ‘பர்ன்-இன்’ என்பது என்ன?

ஓசூர் சிப்காட் அருகே என் சித்தப்பா நடத்தும் சிறிய பட்டறையில் பழைய சிஎன்சி லேத் (கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும்) இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் திரை, பழைய டப்பா டிவியில் இருந்ததைப் போன்ற பிக்சர் டியூப் வகையைச் சேர்ந்தது. காலையில் மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே, ஜன்னல் வெளிச்சம் படும்படி சற்றுச் சாய்ந்து நின்று பார்த்தால், மின்சாரமே பாயாத அந்தக் கண்ணாடியில் எக்ஸ், இசட் என்னும் இரண்டு எழுத்துகளும் அவற்றின் எதிரே எண்கள் வரும் இடங்களும் மங்கிய பழுப்பில் தெரிகின்றன. எழுத்துகளும் தசமப் புள்ளிகளும் கூர்மையாக நிற்கின்றன. எண்களில் மட்டும் எதுவும் தெளிவாக இல்லை. எல்லா இலக்கங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எட்டைப் போல் திரண்டு கிடக்கின்றன. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அதைக் கவனித்துவிட்டு, “அண்ணா, கரன்ட்டே இல்ல, எழுத்து மட்டும் நிக்குது. உள்ள அச்சாகிப் போச்சா?” என்று என்னிடம் கேட்டான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. இதைப் பற்றி நம்மிடையே உள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை அந்த ‘அச்சாகிப் போச்சு’ என்ற எண்ணத்திலிருந்துதான் தொடங்குகின்றன. தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில் சிறிது நேரம் நின்று கேட்டால், திரையில் பச்சைக் கோடு விழுந்தாலும், போன் கீழே விழுந்து கருமை பரவினாலும், நிறம் மாறினாலும், எல்லாவற்றுக்கும் ‘டிஸ்ப்ளே பர்ன்’ என்ற ஒரே பெயரைச் சொல்வது காதில் விழும். கோடு விழுவது பெரும்பாலும் இணைப்புக் கோளாறு. கருமை பரவுவது உடைப்பு. பர்ன்-இன் இவை இரண்டுமே இல்லை. ஒரே உருவம் ஒரே இடத்தில் நெடுங்காலம் நின்றதனால் அதன் மங்கலான தடம் திரையில் நிரந்தரமாகத் தங்கிவிடுவதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது.

பதிந்ததா, தேய்ந்ததா?

துணிக்கடைகளின் கண்ணாடி அலமாரியில், வெயில் படும் இடத்தில், மடித்த புடவை ஒன்றை மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். பிறகு ஒருநாள் அதை எடுத்து உதறிப் பார்த்தால், வெளியே தெரிந்த மடிப்பு மட்டும் பட்டையாக வெளுத்திருக்கும். அந்தப் பட்டையை யாரும் புடவையின்மேல் அச்சிடவில்லை. வெளிச்சம் பட்ட இடத்தில் சாயம் குறைந்தது, படாத இடத்தில் சாயம் அப்படியே இருந்தது, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பட்டையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். புடவை முழுவதும் சீராக வெயிலில் கிடந்திருந்தால் அது முழுவதுமே கொஞ்சம் வெளுத்திருக்கும். பழைய புடவை என்று சொல்லியிருப்போமே தவிர, பட்டை விழுந்திருக்கிறது என்று சொல்லியிருக்க மாட்டோம்.

திரையில் நடப்பதும் இதுவே. ஒளி தரும் பொருள் ஒவ்வொன்றும் உழைக்க உழைக்கத் தேய்கிறது. அதிகம் உழைத்த இடம் அதிகம் தேய்ந்து, குறைந்த ஒளியைத் தருகிறது. அருகருகே உள்ள இரண்டு இடங்களின் ஒளியில் சில விழுக்காடு வேறுபாடு இருந்தாலே, அந்த எல்லைக் கோட்டை நம் கண் கண்டுபிடித்துவிடும். ஆகவே, திரையில் நாம் காணும் நிழல், வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றன்று. அந்த இடத்திலிருந்து போய்விட்ட ஒளியின் வடிவம். துடைத்து எடுக்கவோ, மென்பொருளால் அழிக்கவோ அங்கே எதுவும் இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

பிக்சர் டியூப்பின் உள்ளே

பிக்சர் டியூப் என்பது காற்று நீக்கப்பட்ட பெரிய கண்ணாடிக் குடுவை. அதன் அடிப்படை வடிவத்தை 1897-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கினார். குடுவையின் குறுகிய கழுத்துப் பகுதியில் இருக்கும் சூடான உலோக முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. வண்ணத் தொலைக்காட்சியில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் அதிகமான மின்னழுத்தம் அவற்றை முன்புறக் கண்ணாடியை நோக்கி இழுக்கிறது. அந்தக் கண்ணாடியின் உட்புறத்தில் பாஸ்பர் என்னும் பொருள் பூசப்பட்டிருக்கிறது. எலக்ட்ரான் மோதினால் ஒளிரும் பொருளுக்கே பாஸ்பர் என்று பெயர். தீக்குச்சிப் பெட்டியோடு நாம் தொடர்புபடுத்தும் பாஸ்பரஸ் என்ற தனிமம் வேறு, இது வேறு.

எலக்ட்ரான் கற்றை, வயலில் ஏர் ஓட்டுவதுபோல, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகத் திரையை உழுதுகொண்டே போகிறது. இந்தியத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், ஒரு நொடிக்கு 25 படங்கள். வெளிச்சமான இடத்தில் கற்றை வலுவாக விழுகிறது. கருப்பான இடத்தில் ஏறக்குறைய விழுவதே இல்லை. மோதும் ஆற்றலில் ஒரு சிறு பகுதிதான் ஒளியாகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கொஞ்சம் பாஸ்பரின் படிக அமைப்பைச் சிதைக்கிறது. ஓரிடத்தில் இத்தனை ஆண்டுகளில் மொத்தம் எவ்வளவு எலக்ட்ரான்கள் வந்து விழுந்தன என்பதைப் பொறுத்தே அந்த இடத்தின் தேய்மானம் அமைகிறது.

பட்டறையில் பார்த்த இயந்திரத் திரையை இப்போது நினைத்துப் பாருங்கள். எக்ஸ், இசட் என்னும் எழுத்துகளும் தசமப் புள்ளியும் இயந்திரம் ஓடிய ஒவ்வொரு நொடியும் அதே இடத்தில் நின்றவை. அதனால்தான் அவற்றின் தடம் கூர்மையாக இருக்கிறது. எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒன்று வந்த இடத்தில் அடுத்த நொடி ஏழு வந்தது, பிறகு நான்கு வந்தது. எல்லா இலக்கங்களின் தேய்மானமும் சேர்ந்து அந்த இடத்தைக் கலங்கலாக ஆக்கிவிட்டது. மின்சாரம் இல்லாதபோதும் தடம் தெரிவதற்குக் காரணம், அங்கே பாஸ்பரின் நிறமே மாறிப்போயிருப்பதுதான்.

2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும் இதே பிக்சர் டியூப் வகைதான். நம் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் அவை பல ஆண்டுகள் ஓடின. ஆனால் அவற்றில் இத்தகைய தடத்தைப் பார்த்தவர்கள் குறைவு. வீட்டுத் தொலைக்காட்சியில் படம் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால், தேய்மானம் திரை முழுவதும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகிறது. படம் பொதுவாகச் சற்று மங்கும். ‘டியூப் வீக் ஆகிவிட்டது’ என்று மெக்கானிக் சொல்வார். அதே பெட்டியைக் கடையில் ஒரே செய்திச் சேனலுக்கென்று நாள் முழுவதும் ஓடவிட்டால், மூலையில் உள்ள சேனல் சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டையின் விளிம்பும் தடமாகத் தங்கக்கூடும்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒளிரும் பொருள் உழைப்பால் தேய்கிறது, தேய்மானம் சீராக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒரே உருவம் ஒரே இடத்தில் நின்றால் தெரியும்.

திரைக்காப்பு ஏன் வந்தது?

1980-களில் அலுவலகக் கணினிகளின் திரைகளில் கருப்புப் பின்னணியில் பச்சை அல்லது மஞ்சள் எழுத்துகள் நாள் முழுவதும் அசையாமல் நிற்கும். 1983 டிசம்பரில் ஜான் சோச்சா என்னும் மென்பொருளாளர், யாரும் விசைப்பலகையைத் தொடாமல் சில நிமிடங்கள் கழிந்தால் திரையைக் கருப்பாக்கிவிடும் சிறிய நிரல் ஒன்றை ஓர் அமெரிக்கக் கணினி இதழில் வெளியிட்டார். கற்றை விழாத இடத்தில் தேய்மானம் இல்லை என்ற எளிய உண்மையே அதன் அடிப்படை. பின்னாளில் வந்த நீந்தும் மீன்களும் சுழலும் குழாய்களும் அதற்கு அழகு சேர்த்தவை மட்டுமே. ஸ்கிரீன் சேவர் என்னும் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

பாயின் தடமும் தழும்பும்

கோரைப்பாயில் படுத்து எழுந்தால் கன்னத்தில் பாயின் வரிகள் தெரியும். முகம் கழுவி, காப்பி குடித்து முடிப்பதற்குள் அவை மறைந்துவிடும். தழும்பு அப்படி மறையாது. திரைகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. கொஞ்ச நேரத்தில் தானே மறையும் தடத்தை ‘இமேஜ் ரிடென்ஷன்’ என்கிறார்கள். தமிழில் தற்காலிகத் தடம் என்று சொல்லலாம். தழும்புபோல நிலைப்பதே பர்ன்-இன். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான், என் பார்வையில், இந்த விஷயத்தில் மிகுந்த பணச் செலவை உண்டாக்கும் பிழை. தானே சரியாகக்கூடிய திரையை மாற்றியவர்களையும், சரியாகவே முடியாத திரையைச் சரிசெய்யப் பணம் கொடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எல்சிடி திரையில் பெரும்பாலும் ஏற்படுவது முதல் வகை. அதில் திரைக்குப் பின்னால் பொதுவான விளக்கு ஒன்று எப்போதும் எரிகிறது. அதன் முன்னே லட்சக்கணக்கான நுண்ணிய ஜன்னல்கள் திறந்து மூடுகின்றன. அந்த ஜன்னல்களின் வேலையைச் செய்வது திரவப் படிகம்: திரவம்போல் நெகிழ்ந்து, மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தன் மூலக்கூறுகளின் சாய்வை மாற்றும் பொருள். ஒரே ஜன்னல் நாள்கணக்கில் ஒரே நிலையில் நின்றால், திரவப் படிகத்தில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள மின்னூட்டத் துகள்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி, அந்த ஜன்னலைச் சரியாகத் திரும்பவிடாமல் தடுக்கின்றன. இங்கே எதுவும் தேய்ந்து போகவில்லை. ஒதுங்கியவை மீண்டும் பரவினால் போதும்.

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றில் சிசிடிவி காட்சியை நான்கு கட்டங்களாகக் காட்டும் மானிட்டர் இருந்தது. சீசன் முழுவதும் அணைக்காமல் ஓடியதில், வேறு படம் போட்டாலும் நடுவில் சிலுவைபோல இரண்டு கோடுகள் நின்றன. புதிய மானிட்டர் வாங்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்திருந்தார்கள். இரண்டு இரவுகள் அதை அணைத்துவைத்து, பகலில் சில மணி நேரம் முழு வெள்ளைப் படத்தை ஓடவிட்டதில் கோடுகள் மறைந்தன. ஆண்டுக்கணக்கில் ஒரே படம் நின்ற எல்சிடி எல்லாம் இப்படி மீளும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் செலவு செய்வதற்கு முன் இதை முயன்று பார்ப்பது நல்லது.

பிளாஸ்மா டிவி என்றொரு வகை சில காலம் இருந்தது. அதில் நுண்ணிய அறைகளுக்குள் உள்ள வாயு மின்சாரத்தால் புற ஊதாக் கதிரை உமிழ, அக்கதிர் பாஸ்பரை ஒளிரச் செய்யும். பாஸ்பர் இருப்பதால் பர்ன்-இன்னும் அதற்கு உண்டு. இப்போது அந்த வகை விற்பனையில் இல்லை.

கேமராவிலும் தடம் விழும்

படத்தைக் காட்டும் திரையில் தடம் விழுவதுபோலவே படத்தைப் பிடிக்கும் கேமராவிலும் தடம் விழுந்தது என்பதைப் பலரும் அறிவதில்லை. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களிலும், 1980-களில் திருமண வீடியோ எடுத்தவர்கள் தோளில் சுமந்த பல கேமராக்களிலும், இன்றுள்ள சிப்புக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. அந்தக் குழாய்களில் புகழ்பெற்றது 1950-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் அறிமுகப்படுத்திய விடிகான்.

அதன் வேலையைப் புரிந்துகொள்ள, ஒரு தட்டின்மேல் நெருக்கமாக அடுக்கிய குடங்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடத்தின் அடியிலும் ஓர் ஓட்டை. வெளிச்சம் பட்டால் அது திறக்கும், இருட்டில் மூடிக்கொள்ளும். வெளிச்சம் அதிகம் பட்ட குடத்திலிருந்து நீர் அதிகம் ஒழுகிவிடும். எலக்ட்ரான் கற்றை வரிசையாக வந்து ஒவ்வொரு குடத்தையும் நிரப்பிக்கொண்டே போகிறது. எந்தக் குடத்துக்கு எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்தது என்ற கணக்கே படமாக வெளியே வருகிறது. குடம் என்று நான் சொன்னது, ஒளி பட்டால் மின்சாரத்தை எளிதில் கடத்தும் ஒரு மெல்லிய படலத்தின் ஒவ்வொரு புள்ளியையும்; நீர் என்றது மின்னூட்டத்தை. இத்தகைய பொருளுக்கு ஒளிகடத்தி என்று பெயர்.

மிகுந்த வெளிச்சம் பட்ட இடத்தில் அந்த ஓட்டை உடனே மூடிக்கொள்ளாது. பழைய திருமண வீடியோக்களில், கேமரா அசையும்போது குத்துவிளக்கின் சுடருக்குப் பின்னால் வால் நீள்வதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அது தற்காலிகத் தடம். தொலைக்காட்சி நிலையத்தில், படத்தைச் சரிபார்க்கக் கோடுகள் வரைந்த சோதனை அட்டையின் முன் மணிக்கணக்கில் நிறுத்திய கேமராவில் அந்த அட்டையின் கோடுகள் சிறிது காலம் தங்கும். சீரான வெளிச்சமுள்ள வெள்ளைப் பரப்பை நோக்கிக் கேமராவைத் திருப்பிவைத்து அவற்றைப் போக்குவார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே வாசலைப் பார்த்து நின்ற காவல் கேமராவில் அந்த வாசலே நிலைத்த தடமாகிவிடும். வெளிச்சம் எல்லை மீறினால் குடமே உடைந்துவிடும். அதாவது, படலத்தின் அந்தப் பகுதி நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

இதற்கு மனித வரலாற்றிலேயே பெரிய எடுத்துக்காட்டு 1969 நவம்பர் 19 அன்று நிலவில் நடந்தது. நிலவின் தரையிலிருந்து வண்ணத்தில் நேரலை அனுப்புவதற்காக அப்பல்லோ 12 பயணத்தில் முதன்முறையாக ஒரு கேமராவைக் கொண்டுசென்றார்கள். விண்வெளி வீரர் ஆலன் பீன் அதைத் தாங்கியில் பொருத்துவதற்காக நகர்த்தியபோது, லென்ஸ் சூரியனை நோக்கித் திரும்பிவிட்டது. உள்ளிருந்த குழாய் கெட்டது. சுத்தியலால் தட்டிப் பார்த்தும் படம் மீளவில்லை. உலகம் முழுவதும் காத்திருந்த மக்களுக்கு அந்தப் பயணத்தின் நிலவு நடையில் மீதியைப் பார்க்கக் கிடைக்கவில்லை; குரலை மட்டுமே கேட்டார்கள். அந்தக் காலத்துக் கேமராக்காரர்கள், வேலை முடிந்தவுடன் லென்ஸ் மூடியைப் போடச் சொல்லி உதவியாளர்களை விரட்டியதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

1969-இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்னும் சிலிக்கான் சிப்பை உருவாக்கினார்கள். 2009-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. குழாய்களின் இடத்தைச் சிப்புகள் பிடித்தபின் கேமராவில் தடம் விழும் தொல்லை பெருமளவு ஒழிந்தது. ஆனால் சிப்பையும் உண்மையாகவே எரிக்க முடியும்: பெரிய தொலைநோக்கு லென்ஸை நெடுநேரம் சூரியனை நோக்கிப் பிடித்தாலோ, திருவிழா மேடைகளில் சுழலும் லேசர் கற்றை நேராக லென்ஸுக்குள் விழுந்தாலோ, அழியாத புள்ளிகளும் கோடுகளும் படத்தில் வரும். சொல்லின் நேர்ப் பொருளில் இதுதான் எரிதல். திரையில் நடப்பது மெதுவான தேய்மானம்.

இன்றைய போனில்

பழைய பிக்சர் டியூப்போடு போய்விட்டது என்று நினைத்த பிரச்சினை, ஓஎல்இடி திரையோடு நம் சட்டைப் பைக்குத் திரும்பி வந்துவிட்டது. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதன் தொடக்கம். இங்கே பின்னால் பொதுவிளக்கு இல்லை. கார்த்திகை தீபத்தன்று வரிசையாக ஏற்றும் அகல்களைப் போல, ஒவ்வொரு பிக்சலும் தனி விளக்கு. படத்தின் மிகச் சிறிய புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் சிறு விளக்குகள் உள்ளன. ஒவ்வோர் அகலிலும் அதற்கென்று ஊற்றிய எண்ணெய் மட்டுமே உண்டு. எப்போதும் எரியும் அகலில் எண்ணெய் முதலில் குறைகிறது.

ஒளிர்வதற்குப் பயன்படும் கரிமச் சேர்மங்கள் மின்சாரம் பாயப் பாயச் சிதைகின்றன. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் தேவை. அந்த ஆற்றலே மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கவும் செய்வதால், நீல விளக்குகள் மற்றவற்றைவிட விரைவில் தளர்கின்றன. வெள்ளை ஐகான் எப்போதும் நின்ற இடத்தில் பின்னர் வெள்ளைப் படம் போட்டால் அது சற்று மஞ்சளாகத் தெரிவது இதனால்தான்.

வண்ணங்களை மாற்றி மாற்றி மின்னவைத்து பர்ன்-இன்னைச் ‘சரிசெய்யும்’ காணொளிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தற்காலிகத் தடத்துக்கு அவை உதவலாம். உண்மையான பர்ன்-இன்னில் அவை செய்யக்கூடியது, மீதமுள்ள அகல்களின் எண்ணெயையும் எரித்துத் தீர்ப்பது மட்டுமே. ஓஎல்இடி டிவிகளில் உள்ள ஈடுசெய் வசதி வேறு வகை: அது ஒவ்வொரு பிக்சலின் தளர்ச்சியை அளந்து, தளர்ந்ததற்கு மின்சாரத்தைச் சற்றுக் கூட்டித் தருகிறது. பல டிவிகளில் இந்த வேலை, ரிமோட்டில் அணைத்த பின்னர்தான் நடக்கிறது. இடிக்கும் மின்வெட்டுக்கும் பயந்து ஒவ்வோர் இரவும் சுவரிலுள்ள சுவிட்சையே அணைத்துவிடும் நம் பழக்கத்தால் அது நடக்காமல் போகிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவுகளிலாவது ரிமோட்டில் மட்டும் அணைத்து விட்டுவைக்கலாம். மற்றபடி, வெளிச்சத்தை அளவாக வைப்பதும், திரை விரைவில் தானே அணையும்படி அமைப்பதும், கருப்புப் பின்னணியைப் பயன்படுத்துவதும் தேய்மானத்தைத் தள்ளிப்போடும்.

பழைய போன் வாங்குபவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். என் பக்கத்து வீட்டுத் தம்பி, கைமாறிய போன் ஒன்றைக் கடையில் வாங்கி வந்தான். “ஸ்கிரீன்ல ஏதாவது தடம் தெரிஞ்சாலும், சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணா போயிடும்” என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடையின் பளிச்சென்ற விளக்கில், வண்ணப் படம் ஓடும்போது எதுவும் தெரிந்திருக்காது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, நடுத்தரமான சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் படத்தைத் திரை முழுவதும் விரித்தோம். தடங்கள் சாம்பலில்தான் நன்றாக வெளிப்படும். உச்சியில் மணியும் பேட்டரிச் சின்னமும் நின்ற இடம் மஞ்சளாக இருந்தது. கீழ்ப்பாதியில் விசைப்பலகையின் வரிசைகள், முன்பு வைத்திருந்தவர் வெள்ளை விசைப்பலகையில் ஓயாமல் தட்டச்சு செய்தவர் என்பது புரியும் அளவுக்கு, ஒவ்வொரு கட்டமாகத் தெரிந்தன. ஆனால் கட்டங்களுக்குள் எழுத்துகள் இருக்கும் இடங்கள் மட்டும் சுற்றிலும் உள்ள பரப்பைவிடச் சற்றுப் பிரகாசமாக இருந்தன. கருப்பு எழுத்துகள் நின்ற அந்த இடங்களில் பிக்சல்கள் அவ்வளவு காலமும் எரியாமல் இருந்திருக்கின்றன.